தோடி பாடிய வயர்லெஸ்

நல்ல ரோடு இருக்கும்போது அதை விட்டுவிட்டுச் சேற்றிலும் மணலிலும் மோட்டார் ஓட்டுவதற்கென்று ஒரு சங்கம் வைப்பார்கள் என்று யாராவது ஷரஃபுதீனிடம் முன்பே சொல்லியிருந்தால், சொன்னவன் முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்திருப்பான். பட்டாளத்து வயர்லெஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்து, பர்மா எல்லையில் மூன்று மழைக்காலம் சேற்றில் வண்டி தள்ளியவன் அவன். அங்கே ரோடு இல்லை, சேற்றில் போனார்கள். மயிலாப்பூர்ப் பெரிய மனிதர்களுக்கு என்ன வந்தது? வாசலிலேயே தார் ரோடு கிடக்கிறது. அதுவும் பெட்ரோலுக்கு ரேஷன், அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு க்யூ என்று ஊரே அல்லாடிக்கொண்டிருந்த 1946-ம் வருஷத்தில்!

ஆனாலும் சங்கம் இருந்தது. 'மயிலாப்பூர் கரடுமுரடுப் பாதை மோட்டார் சங்கம்' என்று தாள்கூட அச்சடித்திருந்தார்கள். யுத்தம் முடிந்து பட்டாளத்து ஜீப்புகளை ஏலம் விட்டதுதான் தாமதம், ஆளுக்கொன்றாக மூன்று ஜீப் எடுத்துவிட்டார்கள். மூன்று ஜீப், மூன்று மெம்பர், மூன்று பேருக்கும் பதவி. தலைவர் சுப்பராமன், பென்ஷன் வாங்கும் டெபுடி கலெக்டர். காரியதரிசி ஸ்ரீரங்கன், தியாகராய நகரில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. அதைவிட முக்கியமாக, ஒரு சங்கீத சபையின் கமிட்டியில் இருப்பவர். மூன்றாமவர் அக்பர் பாஷா, தேனாம்பேட்டையில் பங்களா கட்டியிருக்கும் தோல் வியாபாரி. தமக்கு என்ன பதவி என்று அவர் கேட்கவுமில்லை, இவர்கள் சொல்லவுமில்லை. தாளைப் பார்த்துத்தான் தாம் உபதலைவர் என்று தெரிந்துகொண்டார்.

சங்கத்துக்கு வயர்லெஸ் தேவைப்பட்ட கதை இது. போன மாதம் மூவரும் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போனார்கள். ஸ்ரீரங்கனின் ஜீப் சேற்றில் அமிழ்ந்துவிட்டது. முன்னால் போன இரண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை. வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தார்கள். சாயங்காலம் வைக்கோல் வண்டி ஒன்றின் மேல் தலை முதல் கால் வரை சேறாக ஸ்ரீரங்கன் வந்து இறங்கியபோதுதான், அடடா, இவர் நம்மோடு வந்தவராயிற்றே என்று ஞாபகம் வந்தது. உடனே அவசரக் கமிட்டி கூடி, வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள வயர்லெஸ் வாங்குவது என்று தீர்மானம் போட்டது. அவ்வப்போது திரும்பிப் பார்த்து ஓட்டலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்படியெல்லாம் தோன்றுகிறவர்கள் சங்கம் வைக்க மாட்டார்கள்.

லைசென்ஸ்? நீங்களும் நானும் அனுமதி இல்லாமல் வயர்லெஸ்ஸில் பேசினால் சர்க்கார் பிடித்து உள்ளே வைக்கும். டெபுடி கலெக்டராக இருந்தவர் பேச ஆசைப்பட்டால், 'சோதனைக்கு மட்டும்' என்று ஒரு தாள் வீடு தேடி வரும். வந்தது.

ஷரஃபுதீன் இதற்குள் வந்து மாட்டிக்கொண்டது ஒரு லெட்டருக்காக. பட்டாளத்திலிருந்து வந்து ஒரு வருஷமாக அவனுக்கு நிலையான வேலை கிடையாது. ராயப்பேட்டையில் நூர் முஹம்மது என்பவரின் கடிகாரக் கடையில் ஒரு மூலையை இரவல் வாங்கி, ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். வாரத்துக்கு ஒரு ரேடியோ வரும். சில வாரம் அதுவும் வராது. அப்போதுதான் சர்க்கார் வயர்லெஸ் ஆபீஸ் ஒன்றில் ஆபரேட்டர் வேலைக்கு மனுக் கேட்டிருந்தார்கள். அவன் செய்து பழகிய அதே வேலை. கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் செய்வான். ஆனால் மனுவோடு கெஜட் பதவியில் இருந்த ஒருவரின் சிபாரிசு லெட்டர் இணைக்க வேண்டும். குண்டு விழும்போது சேதி அனுப்பினாயா என்று யாரும் கேட்கவில்லை. உன்னைத் தெரிந்த பெரிய மனிதர் யார் என்று கேட்டார்கள்.

சுப்பராமன் வீட்டு ரேடியோவை ஒருமுறை அவன் ரிப்பேர் செய்திருந்தான். அந்தச் சொந்தம் போதாதா? போய் நின்றான்.

"லெட்டர்தானே? பேஷா தரேன்," என்றார் சுப்பராமன். "மனுவுக்குக் கடைசி நாள் என்னிக்கு? அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் அஞ்சு மணியா? நன்னாப் போச்சு. அதுக்குள்ள நீ எங்க சங்கத்துக்கு ஒரு வயர்லெஸ் பாத்துக் குடுத்துடு. ஞாயித்துக்கிழமை சோதனை. திங்கட்கிழமை காலம்பற லெட்டரை வாங்கிண்டு போ."

ஷரஃபுதீன் பட்டாளத்துச் சாமான் விற்கும் கிடங்குகளில் இரண்டு நாள் அலைந்து, மூன்று தினுசு செட்டுகளை, தினுசுக்கு இரண்டாக, மாதிரிக்கு எடுத்து வந்தான். சனிக்கிழமை காலை சுப்பராமன் வீட்டுக் கூடத்தில், ஜமக்காளத்தின் மேல், பெண் பார்க்க வந்த இடத்தில் தட்டு பரப்பியதுபோல அவை வரிசையாக உட்கார்ந்திருந்தன.

முதலாவது, டாங்கியில் வைக்கிற பெரிய செட். "இருவது மைல் பேசும் சார்," என்றான் ஷரஃபுதீன். "ஆனா பாட்டரியோட சேத்து ஜீப்போட பின்சீட்டு முழுக்க வேணும்."

"பின்சீட்டா?" என்று அலறினார் ஸ்ரீரங்கன். "அப்ப டிபன் காரியர் எங்க வெக்கறது? காபி ஃபிளாஸ்க்?"

கமிட்டியில் ஒருவர் முகத்திலும் ஈ ஆடவில்லை. பெரிய செட் தள்ளுபடி.

இரண்டாவது, சிப்பாய் முதுகில் கட்டிக்கொண்டு போகிற நடு செட். ஷரஃபுதீனுக்கு அதன்மேல்தான் கண். அவன் உயிரை இரண்டு முறை காப்பாற்றிய தினுசு அது. "அஞ்சு மைல் தாராளமா எடுக்கும் சார். மணல், தோப்பு, மழை எதுக்கும் அசையாது. குரல் மட்டும் கொஞ்சம் கரகரன்னு வரும்."

"பரீட்சை பண்ணிடலாம்," என்றார் தலைவர். அக்பர் பாஷாவின் ஜீப்பில் ஒரு செட்டோடு ஸ்ரீரங்கன் அடையாற்றுப் பாலம் வரைக்கும் போவது, அங்கிருந்து பேசுவது என்று ஏற்பாடு. போனார். ஆனால் பேசவில்லை. சபைக் கமிட்டியில் இருப்பவர் பேசுவாரா? பாலத்தின் மேல் ஜீப்பை நிறுத்திக்கொண்டு தோடி ராகத்தை ஆலாபனை செய்தார். மீன்கூடை தூக்கிப் போனவர்கள் நின்று பார்த்ததாகப் பிறகு அக்பர் பாஷா சொன்னார்.

இரண்டு மைல் தாண்டி மயிலாப்பூர்க் கூடத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் கேட்டது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஷரஃபுதீனுக்குப் பெருமை தாங்கவில்லை. சுப்பராமனோ வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இதென்னடா இது, தோடிக்கு ஜலதோஷம் பிடிச்சாப்பல இருக்கே!"

"சார், இது பாட்டுக்கு இல்ல சார். வண்டி மாட்டிக்கிச்சு, வாங்கன்னு சொல்றதுக்கு."

"அதையும் காதாலதானே கேக்கணும்? ஒரு சுநாதம் வேண்டாமோ?"

வெயில் ஏறத் தொடங்கியபோது ஸ்ரீரங்கன் திரும்பி வந்தார். மிச்சமிருந்தது மூன்றாவது செட். ஒரு கையில் பிடித்துக்கொள்ளலாம். அமெரிக்காக்காரன் செய்தது, வழவழவென்று பார்க்கவே அழகு. "இது திறந்த வெளியில ஒரு மைல் சார். சவுக்குத் தோப்பு குறுக்க வந்தா அரை மைல்," என்று ஷரஃபுதீன் முதலிலேயே சொல்லிவிட்டான். சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செட்டை மாற்றி மாற்றிக் கையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கும் பரீட்சை உண்டு. ஆனால் அந்த வெயிலில் மறுபடி அடையாற்றுக்கு யார் போவது? பசி வேறு. ஆகவே ஸ்ரீரங்கன் சமையலறை வாசலில் நின்று பாடினார். சுப்பராமன் கூடத்தில் இன்னொரு செட்டைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். இடையில் முப்பது அடி இருந்தால் அதிகம்.

"ஆஹா!" என்றார் சுப்பராமன். "ஆஹாஹா! கமகம் ஒண்ணொண்ணும் தனித்தனியா விழறது பாரு! விசாலம், உனக்குக் கேக்கறதா?"

சுப்பராமனின் மனைவி விசாலாக்ஷி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவர் என் காதுகிட்ட நின்னு கத்தறார். எனக்கு அந்த டப்பா இல்லாமலே கேக்கறது," என்று சொல்லிவிட்டு, தீய ஆரம்பித்த கறியைக் கிளறப் போய்விட்டாள்.

அந்த வீட்டில் அன்று பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள வார்த்தை அது. தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை.

"ஷரஃபுதீன், நீ சொல்லு," என்றார் சுப்பராமன். "நீதான் நிபுணன். எது நன்னாருக்கு?"

மேஜையின் மேல் லெட்டர்தாள் கட்டு இருந்தது. பக்கத்தில் மைக்கூடு, பேனா. 'ஓய்வு பெற்ற டெபுடி கலெக்டர்' என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்ததை ஷரஃபுதீன் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. மூன்று பெரிய மனிதர்களும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடு செட்தான் சார், சின்னதை நம்பி மணலில் போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. அந்த லெட்டர்தாளை இன்னொரு முறை பார்த்தான்.

"கேக்கறதுக்கு இதான் சார் நல்லாருக்கு," என்றான்.

"பாத்தீரா!" என்று தொடையில் தட்டினார் ஸ்ரீரங்கன். "அனுபவஸ்தன்னா அனுபவஸ்தன்தான்!"

ஷரஃபுதீனுக்குச் சீ என்றிருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனான். ஒரு மைல் என்று சொன்னேனே, சொல்லாமலா விட்டேன்? கேட்கிறவனுக்குக் காது வேண்டாமா? சும்மா கடற்கரையில் இப்படியும் அப்படியும் ஓட்டுவார்கள், பொங்கல் சாப்பிடுவார்கள், திரும்பி வருவார்கள். இதில் என்ன ஆகிவிடப் போகிறது? பொய் சொன்னவன் தனக்குச் சொல்லிக்கொள்கிற இந்தத் தாலாட்டு இருக்கிறதே, அதில் யாருக்கும் தூக்கம் வந்ததில்லை. அவனுக்கும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எலியட்ஸ் பீச்சில் சங்கம் கூடியது. அக்பர் பாஷாவின் ஜீப் அங்கேயே நிற்க வேண்டியது, அதில் ஒரு செட்டோடு ஷரஃபுதீன். சுப்பராமனும் ஸ்ரீரங்கனும் இன்னொரு ஜீப்பில் தெற்கே, திருவான்மியூரையும் தாண்டிக் கடலோரமாகவே போவது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பேசுவது. தலைவர் தலையில் ஒரு காக்கித் தொப்பி வைத்திருந்தார். யுத்தம் நடந்தபோது அதைப் பார்த்திருந்தால் ஜப்பான்காரன் முன்னமே சரணடைந்திருப்பான்.

முதல் பத்து நிமிஷத்தில் குரல் வந்தது. "சுகமாப் போயிண்டிருக்கோம். உங்களுக்குக் கேக்கறதா? எங்களுக்கு ரொம்ப நன்னாக் கேக்கறது." இரண்டாவது பத்து நிமிஷத்தில் இரைச்சலுக்கு நடுவே 'சவுக்கு' என்ற ஒரு சொல். மூன்றாவது பத்து நிமிஷத்தில் ஒன்றுமில்லை. வெறும் உஸ்ஸென்ற சத்தம்.

ஷரஃபுதீன் பொத்தானை அமுக்கிக் கூப்பிட்டான். விட்டுக் கேட்டான். மறுபடி கூப்பிட்டான். அந்த உஸ்ஸை அவனுக்கு நன்றாகத் தெரியும். இம்பாலுக்குப் பக்கத்தில் ஒரு மலைமேல், எட்டுப் பேர் போன திக்கிலிருந்து அவன் ஒரு பகல் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது.

"பாய், வண்டியை எடுங்க, போய் பாக்கலாம்," என்றான்.

அக்பர் பாஷா சீட்டில் சாய்ந்துகொண்டு சமோசா தின்றுகொண்டிருந்தார். "அரே, அவங்க டிபன் சாப்பிட்டுகினு இருப்பாங்க தம்பி. வாயில பொங்கல வெச்சுகினு எப்டி பேசறது? சொம்மா குந்து."

"பாய், இந்த செட்டு அவ்ளோ தூரம் பேசாது."

"நேத்து நீதானே நல்லாருக்குன்னே?"

"நேத்து பொய் சொன்னேன் பாய். எடுங்க வண்டிய!"

அக்பர் பாஷா அவன் முகத்தைப் பார்த்தார். சமோசாவைக் கீழே போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். வேறு எத்தனையோ குறை சொல்லலாம் அந்த மனிதரைப் பற்றி, அன்றைக்கு அவர் ஒரு விநாடிகூட வீணாக்கவில்லை.

திருவான்மியூருக்குத் தெற்கே இரண்டு மைல் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம், அந்த ஜீப் அலையடிக்கிற ஈர மணலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தள்ளுவதற்காகக் கீழே இறங்கிய ஸ்ரீரங்கனின் இடது கால், சாய்ந்த வண்டிக்கு அடியில் முழங்கால் வரை மாட்டியிருந்தது. உட்கார்ந்த நிலையில் இருந்தார். தண்ணீர் மார்பளவு வந்துவிட்டது. பெரிய அலை வரும்போதெல்லாம் முகத்தை மூடிவிட்டுப் போயிற்று. சுப்பராமன் அவர் தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, மூன்றாவது கை இல்லாத குறையாக, தோளுக்கும் காதுக்கும் நடுவே செட்டை இடுக்கிக்கொண்டு, "கேக்கறதா? கேக்கறதா?" என்று கத்திக்கொண்டிருந்தார். தொப்பி கடலோடு போயிருந்தது.

பக்கத்துக் குப்பத்திலிருந்து ஷரஃபுதீன் ஆட்களைக் கூட்டி வந்தான். பத்துப் பேர், ஒரு வடம். "தண்ணி ஏறிக்கினு கீது நைனா, சீக்கிரம் புடி!" என்று ஒருவன் கத்தினான். ஒரே மூச்சில் வண்டியைத் தூக்கிப் பிடித்தார்கள், ஷரஃபுதீன் நீருக்குள் முழுகி மணலைத் தோண்டி அந்தக் காலை வெளியே எடுத்தான். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் சபையில் ஒரு அனுதாபத் தீர்மானம் போட்டிருப்பார்கள். கரையில் கிடத்தியபோது ஸ்ரீரங்கன் சின்னக் குழந்தை மாதிரி அழுதார். அவரைப் பார்த்து ஷரஃபுதீனும் அழுதான். அவன் அழுததற்குக் காரணம் அக்பர் பாஷாவைத் தவிர மற்றவர்களுக்குத் தெரியாது.

இவ்வளவு நடந்தபின் மனிதர்களுக்குப் புத்தி வந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? ஷரஃபுதீனும் அப்படித்தான் நினைத்தான். திங்கட்கிழமை காலை, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடுவது, லெட்டர் போனால் போகட்டும் என்று முடிவுசெய்துகொண்டு சுப்பராமன் வீட்டுக்குப் போனான்.

கூடத்தில் கமிட்டி கூடியிருந்தது. ஸ்ரீரங்கன் சாய்வு நாற்காலியில், மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலிமேல் நீட்டியிருந்தார். அக்பர் பாஷா ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். சுப்பராமன் தீர்மானப் புத்தகத்தைப் பிரித்து, தொண்டையைக் கனைத்துப் படித்தார்:

"ஞாயிறன்று நடந்த சோதனை பெரும்பாலும் வெற்றி. இடையில் பேச்சுக் கேளாமற் போனதற்குச் சமுத்திரத்தின் இரைச்சலே காரணம், கருவியின்மேல் குற்றமில்லை. நிபுணர் ஷரஃபுதீன் அவர்களின் சிபாரிசை ஏற்று, இதே கருவியை மூன்று வண்டிகளுக்கும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

ஏகமனதாக! மாவுக்கட்டுப் போட்டிருந்தவரும் கை தூக்கியிருந்தார்.

"சார்," என்றான் ஷரஃபுதீன். "அந்த செட்டு தப்பு சார். நான் அன்னிக்குப் பொய் சொன்னேன். உங்க லெட்டருக்காகச் சொன்னேன். அஞ்சு மைல் செட்டு இருந்திருந்தா சார் கூப்பிட்ட மொத வார்த்தையிலேயே நாங்க வந்திருப்போம். இவர் காலு ஒடிஞ்சதுக்கு நான்தான் காரணம். என்னை மன்னிச்சிடுங்க."

ஸ்ரீரங்கன் தம் காலைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். தேர்ந்தெடுத்தது தப்பு என்றால், தோடியை வைத்துத் தேர்ந்தெடுத்தவர் யார் என்ற கேள்வி வரும். காலைவிட அது அவருக்கு அதிகமாக வலிக்கும்.

"நீ பொய் சொல்லலேப்பா," என்றார் இரக்கத்தோடு. "பயந்து போயிருக்கே. கமகம் அவ்வளவு சுத்தமா விழுந்த செட்டு எப்படித் தப்பா இருக்கும்?"

"அதேதான்," என்றார் சுப்பராமன். "வீணா மனசைப் போட்டு ஒழப்பிக்காதே. இந்தா, லெட்டர் தயார்." உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். கையெழுத்து, தேதி எல்லாம் இருந்தது. 'கடமை தவறாதவர், நம்பத்தக்கவர், மேலோர் அபிப்பிராயத்துக்கு ஒருநாளும் குறுக்கே பேசாதவர்' என்று எழுதியிருந்தார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் அதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது. "தீர்மானத்துக்குக் கீழே நிபுணர்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துண்டு போ. அடுத்த ஞாயிறு கோவளம் போறோம். மணல் வழியாவே."

"அடுத்த ஞாயிறா? யார் யார் சார்?"

"எல்லாரும்தான். ஆத்துல எல்லாரும் வரா. என் பேரன் பேத்தி மூணு, ஸ்ரீரங்கன் குழந்தைகள் ரெண்டு. அதான் செட்டு இருக்கே, இனிமே என்ன பயம்?"

ஷரஃபுதீன் பேனாவைக் கையில் வாங்கினான். ஒரு கையெழுத்துத்தான். போட்டால் சாயங்காலம் ஐந்து மணிக்குள் மனு போய்ச் சேரும். மாதச் சம்பளம், காக்கி உடுப்பு, தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிற நடை, எல்லாம் வரும். ஒரு வருஷமாக இதற்குத்தானே தவம் கிடந்தான்? மார்பளவு தண்ணீரில் அண்ணாந்திருந்த அந்த முகத்தை நினைத்துக்கொண்டான். பெரியவர் என்பதால் தண்ணீர் மார்போடு நின்றது. குழந்தை என்றால்?

குனிந்து பெரிய எழுத்தில் எழுதினான்: 'இந்த செட் ஒரு மைலுக்கு மேல் பேசாது. தோப்புக்குள் அரை மைல். இதை நம்பிக் குழந்தைகளைக் கூட்டிப் போகக் கூடாது. ஷரஃபுதீன்.'

சுப்பராமன் படித்தார். அவர் முகம் சிவந்தது. "சங்கத்துப் புஸ்தகத்துல என்னடா எழுதியிருக்கே? கமிட்டி தீர்மானத்துக்கு மேல உன் தீர்மானமா?" உறையை எடுத்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். "உனக்கு வேலை வேண்டாமா?"

"வேணும் சார்," என்றான். "ரொம்ப வேணும்."

இதுவரை உள்ளே இருந்த விசாலாக்ஷி, சத்தம் கேட்டு வெளியே வந்தாள். ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. மேஜையருகே போய்ப் புத்தகத்தைத் திருப்பி, அவன் எழுதியதை ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள்.

"குழந்தைகள் வரமாட்டா," என்றாள்.

"விசாலம், இது சங்கத்து விஷயம்..."

"சங்கம் எங்க வேணாப் போகட்டும். குழந்தைகள் வரமாட்டா. ஸ்ரீரங்கன் ஆத்துக்கு நானே போய்ச் சொல்லிட்டு வரேன்." புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு அந்த நிமிஷமே வாசலில் இறங்கிவிட்டாள்.

கோவளம் யாத்திரை 'மழை வரும் அறிகுறி காரணமாக' ஒத்திவைக்கப்பட்டதென்று அப்புறம் அதே புத்தகத்தில் ஏறியது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. லெட்டர் டிராயரை விட்டு வரவில்லை. விசாலாக்ஷி வீட்டில் எதையும் சாதிப்பாள். ஆனால் டெபுடி கலெக்டர் கையெழுத்து அவளுக்குப் போட வராது.

ராயப்பேட்டையில் ஷரஃபுதீன் தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது பகல் மணி பன்னிரண்டு. அவன் மனைவி கைசர் ஜஹான் கதவைத் திறந்த வேகத்திலேயே கேட்டாள்.

"இன்னாங்க, லெட்டர் குட்த்தாரா?"

"இல்ல."

"ஏன்?"

சொன்னான். ஒன்று விடாமல் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே வந்தவள், கையெழுத்து என்ற இடத்தில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு கையெழுத்து! அதைப் போட்டுட்டு வர்றதுக்கு இன்னா கேடு உங்களுக்கு? ஒரு வருசமா நான் பட்ற பாடு தெரியாதா? ஊர்ல கீறவன் எல்லாம் பொய்ல கோட்டை கட்டிகினு கீறான். நீங்க ஒரு பொய் சொல்லக் கூடாதா?"

"ஒண்ணு சொன்னேன், கைசர். அதுக்கே ஒருத்தர் கடல்ல போவப் பாத்தாரு."

"அது போனது போச்சு. இப்ப இன்னா?"

"புள்ளைங்களைக் கூட்டிகினு போறாங்க."

அவள் தலையில் அடித்த கையை இறக்கினாள். "எத்தினி புள்ளைங்க?"

"அஞ்சு."

கைசர் ஜஹான் சுவரோடு சாய்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி கோபம் வந்துவிட்டது. ஆனால் இது வேறு கோபம்.

"நான் காலைலயே தெரு முழுக்கச் சொல்லிட்டேன், வேலை கெட்ச்சாச்சுன்னு. ஷகீலா வூட்ல, அந்தத் தையக்காரர் வூட்ல, எல்லார் வூட்லயும். சர்க்கரை வேற குட்த்தேன். இப்ப இன்னா சொல்றது?"

"கெடைக்கலன்னு சொல்லிடு."

"நான் ஏன் சொல்லணும்? நீங்களே போய்ச் சொல்லுங்க. நெசம் சொல்றதுதான் இன்னிக்கு நல்லாப் பழகிட்டீங்களே!"

ஷரஃபுதீன் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, முதலில் தையல்காரர் வீட்டுக் கதவைத் தட்டினான்.